திறந்த மால், பூட்டிய மெரினா

2020 செப்டம்பர் 1 அன்று தமிழ்நாட்டில் பெரிய வணிக வளாகங்கள் திறந்தன. நவம்பர் 10 அன்று, பாதி இருக்கைகளோடு, திரையரங்குகள் திறந்தன. மெரினா மணலில் பொதுமக்கள் மறுபடி கால்வைத்தது டிசம்பர் 14 அன்றுதான். ஜன்னல் இல்லாத, குளிரூட்டிய கட்டடத்துக்குள் குடும்பத்தோடு போய்வரலாம். நாளெல்லாம் கடற்காற்று வீசும் வெட்டவெளிக்குப் போகக்கூடாது. இந்த நிலை மூன்றரை மாதம் நீடித்தது. ஓர் அரசை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த இதைச் சொல்லவில்லை. உலகின் பல ஊர்களிலும் பூங்காக்களும் கடற்கரைகளும் பூட்டிக் கிடந்தன. ஆனால் இந்த வரிசைக்குள் ஒரு பெரிய பிழை ஒளிந்திருக்கிறது. ஊரடங்குத் தளர்வு எப்போதும் எந்தக் கடை, எந்தத் தொழில், எத்தனை மணி வரை என்ற பட்டியலாகவே வந்தது. கோவிட் தொற்றோ யாருடைய மூச்சுக்காற்றை யார், எவ்வளவு நேரம் பகிர்ந்தார்கள் என்ற வேறொரு கணக்கில் பரவியது. இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று பொருந்தவே இல்லை. ‘திறந்தாச்சு’ என்ற சொல்லை ‘இனி பயமில்லை’ என்று மக்கள் எடுத்துக்கொண்டதற்கு இந்தப் பொருந்தாமையே காரணம். கட்டுப்பாடுகள் தளரும் காலத்தில் பொது இடத்தில் ஒருவர் பத்திரமாக இருப்பதை முதலில் தீர்மானிப்பது அந்த இடத்தின் காற்று. மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். கிடைத்திருக்கும் சான்றுகள் இந்த முடிவை நோக்கியே இழுக்கின்றன. எதிராகச் சொல்லப்படுபவற்றையும் எடைபோட்டே இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தொடக்கத்தில் எல்லார் கண்ணும் பொருள்களின் மேல் இருந்தது. பால் பாக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவினோம், காய்கறியை உப்பும் மஞ்சளும் கலந்த நீரில் ஊறவைத்தோம், நாளிதழை வெயிலில் காட்டினோம். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினி தெளிக்கும் சுரங்கப்பாதை ஒன்று அமைக்கப்பட்டபோது நாடே அதைப் பேசியது. பல ஊர்கள் அதைப் பார்த்துச் செய்தன. மனிதர்கள் மேல் மருந்து தெளிப்பதால் பயனில்லை, கண்ணுக்கும் தோலுக்கும் கேடுதான் என்று சில நாள்களிலேயே மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை அதை நிறுத்தச் சொல்லிவிட்டது. பொருள்களைத் தொடுவதால் வரும் ஆபத்து மிகைப்படுத்தப்படுகிறது என்று நுண்ணுயிரியலாளர் இமானுவேல் கோல்ட்மன் அதே ஆண்டு ஜூலையில் லான்செட் தொற்றுநோய் இதழில் எழுதினார். கிருமி பட்ட ஒரு பரப்பை ஒருமுறை தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் கீழே என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலில் அறிவித்தது. கை கழுவுவது நல்ல பழக்கம். வயிற்றுப்போக்கு முதல் கண்வலி வரை பலவற்றை அது தடுக்கும். இந்தக் கிருமியின் பெரிய வழி மட்டும் கை அல்ல.

தளர்வுக்குப் பின் திறந்த ஒரு பெரிய ஜவுளிக்கடையின் வாசலை நினைத்துப் பாருங்கள். காலால் மிதித்தால் உள்ளங்கையில் கிருமிநாசினி விழும் இரும்புத் தாங்கி. நெற்றிக்கோ மணிக்கட்டுக்கோ நீட்டப்படும் வெப்பமானி. பெயரும் கைபேசி எண்ணும் எழுத ஒரு நீள நோட்டு, அதில் சணல் கயிற்றால் கட்டிய ஒரே பேனா. வாசலில் இதற்கெல்லாம் ஆன நேரம் இரண்டு நிமிடம். உள்ளே போனால் மூடிய கண்ணாடிச் சுவர்கள், சேலைப் பிரிவில் தோளோடு தோள், விலை கேட்டுப் பேரம் பேசும் குரல்கள், மூன்று மணி நேரம். காய்ச்சல் பார்க்கும் அந்தக் கருவியும் நம்பகமான காவலாளியாக இருக்கவில்லை. அறிகுறி தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே ஒருவர் தொற்றைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார் என்பது 2020 ஏப்ரலிலேயே தெரிந்துவிட்டது. ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போன தொற்றுகளில் 44 சதவீதம் இப்படி அறிகுறிக்கு முன்பே நடந்திருக்கலாம் என்று சீன ஆய்வாளர்கள் கணித்தார்கள். வெப்பமானியில் 97 என்று காட்டியவரும் கிருமியோடு உள்ளே போகக்கூடியவர்தான்.

உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் குவாங்சௌ நகரத்து உணவகம் ஒன்றில் நடந்ததுபோல் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை. 2020 ஜனவரி 24, சீனப் புத்தாண்டுக்கு முந்தின நாள், ஜன்னல் இல்லாத மூன்றாம் தளக் கூடம், மதிய உணவு வேளை. வூஹானிலிருந்து வந்த ஒரு குடும்பம் நடு மேசையில் உட்கார்ந்தது. இரு பக்கமும் ஒரு மீட்டர் தள்ளி வேறு இரண்டு குடும்பங்கள். ஒரு குடும்பம் அவர்களோடு ஒரே நேரத்தில் அங்கே இருந்தது 53 நிமிடம், மற்றது 73 நிமிடம். மூன்று மேசையிலுமாகப் பத்துப் பேருக்குத் தொற்று. அந்தத் தளத்தில் சாப்பிட்ட மற்றவர்களில் ஒருவருக்கும் இல்லை, பரிமாறியவர்களுக்கும் இல்லை. கண்காணிப்புக் கேமராவில் பார்த்தபோது மேசைகளுக்கிடையே பேச்சோ தொடுகையோ நடந்ததாகத் தெரியவில்லை. பின்னால் ஹாங்காங் பல்கலைக்கழகத்தின் யூகுவோ லி குழுவினர் அதே கூடத்தில் தடயவாயுவை விட்டு அளந்தார்கள். அந்த மூன்று மேசைக்கும் மேலே இருந்த குளிரூட்டி அங்குள்ள காற்றையே திரும்பத் திரும்ப இழுத்து, குளிர்வித்து, அதே மூலைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த புதுக்காற்று ஓர் ஆளுக்கு வினாடிக்கு ஒரு லிட்டர் அளவுதான். ஒரு மீட்டர் இடைவெளி விட்டு உட்கார்ந்தவர்கள் ஒரே காற்றில் உட்கார்ந்திருந்தார்கள்.

இது ஓர் ஊரில் தற்செயலாக நடந்ததென்று தள்ளிவிட முடியாது. அதே ஆண்டு மார்ச் 10 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் ஒத்திகை பார்த்தது. வந்தவர்கள் 61 பேர். உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாக 53 பேருக்குத் தொற்று, இருவர் இறந்தார்கள். சியோல் நகரத்தில் ஓர் அழைப்பு மையத்தின் பதினோராம் தளத்தில் வேலைபார்த்த 216 பேரில் 94 பேருக்கு வந்தது. பெரும்பாலும் ஒரே பக்கத்தில் உட்கார்ந்து நாள் முழுவதும் தொலைபேசியில் பேசியவர்கள். இவற்றுக்கு நேர்மாறாக, சீனாவின் 320 நகரங்களில் பதிவான 7,324 தொற்றுகளை ஆராய்ந்தவர்கள் வெட்டவெளியில் நடந்த பரவல் என்று அடையாளம் கண்டது ஒரே ஒரு நிகழ்வை, அதில் சம்பந்தப்பட்டவர்கள் இரண்டே பேர். அது குளிர்காலம், மக்கள் வீட்டுக்குள்ளேயே இருந்த காலம் என்பதைக் கழித்துப் பார்த்தாலும் வித்தியாசம் மலைபோல நிற்கிறது. பாடுதல், உரக்கப் பேசுதல், மூடிய கூடம், நீண்ட நேரம்: பெரிய பரவல்களை வரிசையாக வைத்தால் இவையே திரும்பத் திரும்ப வருகின்றன. ஜப்பான் இதை 2020 மார்ச்சிலேயே கவனித்து, மூடிய இடம், கூட்டமான இடம், நெருங்கிப் பேசும் இடம் ஆகிய மூன்றையும் தவிர்க்கும்படி தன் மக்களுக்குச் சொன்னது. குழந்தைக்கும் புரியும் அறிவுரை அது.

மற்ற இடங்களில் இது புரிய ஏன் தாமதமானது? காற்றில் மிதப்பது, துளியாக விழுவது என்று மருத்துவப் பாடநூல்கள் போட்டுவைத்த கோடு காரணம். ஐந்து மைக்ரானுக்கு மேற்பட்ட துகள்கள் எல்லாம் ஓரிரு மீட்டரில் தரையில் விழுந்துவிடும் என்ற நம்பிக்கை பல பத்தாண்டுகளாக மாறாமல் இருந்தது. அதைவிடப் பலமடங்கு பெரிய துகள்களும் காற்றில் மிதக்கும் என்று இயற்பியல் அறிந்தவர்கள் சொன்னது மருத்துவமனை வளாகத்துக்குள் எட்டவில்லை. கோவிட் காற்றில் பரவுவதில்லை என்று 2020 மார்ச் 28 அன்று உலகச் சுகாதார நிறுவனம் அடித்துச் சொன்னது. லிடியா மொராவ்ஸ்காவும் டொனால்ட் மில்ட்டனும் எழுதி, 239 அறிவியலாளர்கள் ஆதரித்த வேண்டுகோள் ஜூலையில் வந்தது. அந்த நிறுவனம் தன் விளக்கத்தை வெளிப்படையாக மாற்றியதோ 2021 ஏப்ரல் கடைசியில். இந்தியாவில் தலைமை அறிவியல் ஆலோசகர் கே. விஜயராகவனின் அலுவலகம், நுண்துகள்கள் பத்து மீட்டர் வரை போகும், ஜன்னலைத் திறங்கள், காற்றை வெளியேற்றும் விசிறியைப் பொருத்துங்கள் என்று எளிய படங்களோடு ஓர் அறிவுரை வெளியிட்டது. நல்ல அறிவுரை. அது வந்த நாள் 2021 மே 20. இரண்டாம் அலை உச்சத்தில் நின்று, மருத்துவமனை வாசல்களில் ஆக்சிஜனுக்காக ஆம்புலன்சுகள் வரிசையில் காத்திருந்த வாரம் அது. ஓர் ஆண்டு முன்னால் அந்தத் தாள் அச்சாகி, ஒவ்வொரு தளர்வு ஆணையோடும் இணைந்து போயிருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று கணக்கிட வழியில்லை. மிஞ்சியிருக்கும் என்பதில் சந்தேகமும் இல்லை.

வெளிநாட்டுச் சான்று எதற்கு, நம் ஊர்க் கணக்கைச் சொல்லுங்கள் என்பவர்களுக்குத் தமிழ்நாடே பதில் வைத்திருக்கிறது. ரமணன் லட்சுமிநாராயணனும் தமிழ்நாடு, ஆந்திர அதிகாரிகளும் அமெரிக்க ஆய்வாளர்களும் சேர்ந்து, இரு மாநிலச் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகத் தேடித் திரட்டிய தொடர்புப் பட்டியல்களை ஆராய்ந்து, 2020 செப்டம்பரில் சயின்ஸ் இதழில் வெளியிட்டார்கள். தொற்று உறுதியான 84,965 பேர், அவர்களோடு தொடர்பிலிருந்த 5,75,071 பேர். உலகில் அதுவரை நடந்தவற்றில் மிகப் பெரிய தொடர்பறியும் ஆய்வு அதுவே. தொற்றியவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் தங்கள் தொடர்புகளில் ஒருவருக்கும் பரப்பவில்லை. வெறும் 8 சதவீதம் பேரிடமிருந்து புதிய தொற்றுகளில் 60 சதவீதம் கிளம்பியிருந்தது. பரவல் ஊர் முழுவதும் சீராகத் தூவப்படவில்லை, சில இடங்களில் சில வேளைகளில் கொத்தாக வெடித்தது என்பதே இதன் பொருள். அந்தச் சில வேளைகள் எவை? அதே ஆய்வில், நோயாளியோடு ஒரே வாகனத்தில் ஆறு மணி நேரத்துக்கு மேல் அருகருகே பயணம் செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்குத் தொற்று வந்திருந்தது. இப்படிப் பயணம் செய்தவர்கள் எண்ணிக்கையில் 78 பேர்தான், ஆகவே அந்தச் சதவீதத்தைத் தராசு முள்போல எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் பொதுவான நெருங்கிய தொடர்புகளில் இது பத்து சதவீதத்தை ஒட்டியே இருந்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால், சென்னையிலிருந்து மதுரைக்கோ கோவைக்கோ இரவெல்லாம் ஓடும், கண்ணாடி திறக்க முடியாத ஏசி ஆம்னி பேருந்தின் படம் மனத்தில் எழாமல் இருக்காது.

ஆகவே ஒரு தளர்வு அறிவிப்பு வந்ததும் கேட்க வேண்டியது ‘இது அனுமதிக்கப்பட்டதா’ என்று மட்டும் அல்ல. அங்கே காற்று வருமா, எவ்வளவு நேரம் இருக்கப்போகிறேன், பக்கத்தில் எத்தனை பேர் எவ்வளவு உரக்கப் பேசப்போகிறார்கள்? இந்தக் கேள்விகளோடு தெருவில் இறங்கினால் பட்டியல் தலைகீழாகும். சாலையோர டீக்கடையில் நின்று குடித்துவிட்டுப் போவது, பக்கத்தில் இடித்துக்கொண்டு நிற்காதவரை, பார்ப்பதைவிட ஆபத்துக் குறைந்தது. ஜன்னல்கள் முழுக்கத் திறந்த மாநகரப் பேருந்தில் இருபது நிமிடம் போவது, ஷட்டரை இறக்கிவிட்ட மழைநாளில் அதே பேருந்தில் ஒரு மணி நேரம் போவதற்குச் சமமாகாது. முகக்கவசத்தைக் கழற்றியே ஆகவேண்டிய, பேச்சும் சிரிப்புமாக நீளும் குளிரூட்டிய உணவகம் இரண்டையும்விட மோசம். எல்லாரும் வாய்மூடி ஒரே திசையில் பார்க்கும் திரையரங்கைவிட, எழுந்து நின்று விசிலடித்துக் கத்தும் முதல் நாள் முதல் காட்சி மோசம். 2021 ஜனவரி 4 அன்று திரையரங்குகளில் முழு இருக்கைகளுக்கும் அனுமதி தரப்பட்டு, எதிர்ப்பு எழுந்ததும் எட்டாம் தேதி திரும்பப் பெறப்பட்டது. அந்த நான்கு நாள் விவாதத்தில் நூறா ஐம்பதா என்று எல்லாரும் பேசினார்கள். அரங்கின் காற்று மணிக்கு எத்தனை முறை மாறுகிறது என்ற கேள்வி அந்த விவாதத்தின் ஓரத்தில்கூட இடம்பெறவில்லை.

திருமண மண்டபத்தைத் தனியாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நம் சமூகத்தில் வயதானவர்கள் தவறாமல் வரும் பொது இடம் அதுதான். வரவேற்புக்கு உச்சவரம்பு 50 பேர், 100 பேர் என்று மாறிக்கொண்டே இருந்தது. ஆயிரம் பேர் கொள்ளும், பக்கக் கதவுகள் திறந்த, கூரை உயர்ந்த பழைய சத்திரத்தில் நூறு பேர் இருப்பதும், நூற்றைம்பது பேருக்குக் கட்டிய குளிரூட்டிய சிற்றரங்கில் நூறு பேர் இருப்பதும் ஆணையின் பார்வையில் ஒன்றே. மேடையேறப் படிவரை நீளும் வரிசை, நாதஸ்வரத்துக்கு மேல் கேட்கும்படி காதருகே உரக்கப் பேச்சு, பந்திக்கு இடம்பிடிக்க உட்கார்ந்திருப்பவர் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பது: கொத்தாகப் பரவ இதைவிட வாகான ஏற்பாட்டை யாரும் திட்டமிட்டுச் செய்ய முடியாது. பாட்டியைத் திருமணத்துக்கு அழைத்துப் போகக்கூடாதா என்று கேட்டால், முகூர்த்த நேரத்தில் முன்வாசல் பக்கம் உட்காரவைத்து, பந்தியை முற்றத்துக்கோ மொட்டைமாடிப் பந்தலுக்கோ மாற்றி, அழைத்துப் போகலாம் என்பதே என் பதில். வேண்டாம் என்று சொல்வதைவிட எப்படி என்று சொல்வது பயன்தரும்.

கண்ணுக்குத் தெரியாத காற்றை அளப்பது எப்படி என்ற நியாயமான கேள்விக்கு விடை மலிவானது. வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் சுமார் 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சிலோ ஏறக்குறைய 40,000 பங்கு. ஓர் அறையில் அது 1,200 என்று கருவி காட்டினால், அங்கே இழுக்கும் ஒவ்வொரு ஐம்பது மூச்சிலும் ஒரு மூச்சின் அளவு ஏற்கெனவே இன்னொருவரின் நுரையீரலுக்குள் போய் வந்தது என்று பொருள். உள்ளங்கை அகலக் கருவி இதைச் சொல்லிவிடும். பெல்ஜியம் 2021 ஜூனில் உணவகங்களின் உள்ளரங்கைத் திறக்க விட்டபோது, வாடிக்கையாளர் கண்ணில் படும்படி இந்தக் கருவியை வைக்க வேண்டும் என்று விதித்தது. நம் கடைவாசல்களில் நெற்றிக்கு நீட்டிய ஆயிரக்கணக்கான வெப்பமானிகளுக்கு ஆன செலவில் ஒரு பகுதி இதற்குப் போயிருக்கலாம்.

இனி மறுப்புகளுக்கு வருவோம். வெட்டவெளி பாதுகாப்பு என்றால் 2021 மார்ச், ஏப்ரலில் தேர்தல் கூட்டங்களும் ஹரித்வார் கும்பமேளாவும் வெட்டவெளியில்தானே நடந்தன, அதன் பின்தானே அலை எழுந்தது என்று கேட்கலாம். வலுவான கேள்வி. திறந்த வெளி ஆபத்தைக் குறைக்கும், அழிக்காது. முகத்துக்கு நேர் முகமாக அரையடி தூரத்தில் கத்தும்போது வெளிவரும் மூச்சு, கலைவதற்குள்ளேயே எதிரில் நிற்பவரை அடைந்துவிடும். மைதானத்துக்கு வந்து சேர்ந்த வேன்களும் தங்கிய விடுதிகளும் மூடிய இடங்கள்தான். டெல்ட்டா என்ற வேகமான வகையும் அப்போது பரவிக்கொண்டிருந்தது. எந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு வந்தது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு அன்று சோதனையும் தேடலும் நடக்கவில்லை. கோயம்பேடும் இதையே சொல்கிறது. 2020 ஏப்ரல் கடைசியில், நான்கு நாள் முழு ஊரடங்கு என்று அறிவித்ததும் சந்தைக்குள் மக்கள் வெள்ளம் பாய்ந்தது. மே 5இல் சந்தை மூடப்பட்டபோது தொற்று சுமைதூக்குவோரோடும் லாரிகளோடும் கடலூர், விழுப்புரம், அரியலூர் வரை போய்விட்டிருந்தது. பாதி திறந்த சந்தையாயினும் நெருக்கம் எல்லை மீறினால் காற்று கைகொடுக்காது. கடற்கரையைத் திறக்கலாம் என்ற என் வாதம், காணும் பொங்கல் கூட்டத்தை அனுமதிக்கலாம் என்ற வாதமாகாது.

முகக்கவசம் பயனற்றதென்று நிரூபணமாகிவிட்டது என்பது இன்னொரு மறுப்பு. காக்ரேன் என்ற மருத்துவச் சான்று அமைப்பு 2023 ஜனவரியில் வெளியிட்ட தொகுப்பாய்வை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். அந்த முடிவை அப்படி வாசிப்பது தவறு, கிடைத்த ஆய்வுகளிலிருந்து உறுதியான விடை வரவில்லை என்பதே பொருள் என்று காக்ரேன் தலைமைப் பதிப்பாசிரியரே பின்னர் விளக்கினார். நம் வாழ்க்கைக்கு நெருக்கமான சான்று வங்கதேசத்தில் இருக்கிறது. 600 கிராமங்களில் மூன்று லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பெரியவர்களிடம் நடந்த சோதனையில், இலவசமாகக் கொடுத்தும் எடுத்துச் சொல்லியும் முகக்கவசம் அணிவோர் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதமானார்கள். மருத்துவ முகக்கவசம் கொடுத்த ஊர்களில் அறிகுறியோடு உறுதியான தொற்று 11 சதவீதம் குறைந்தது. அறுபது வயது தாண்டியவர்களிடம் 35 சதவீதம். பாதிக்கும் குறைவானவர்கள் அணிந்தே கிடைத்த பலன் இது. தாடையில் தொங்கும் துணி எதையும் தடுக்காது என்பது உண்மை. மூக்கோடு பொருந்திய என்95 காற்றோட்டமில்லாத மருத்துவமனைக் காத்திருப்புக் கூடத்தில் ஒருவரைக் காக்கும் என்பதும் உண்மை. காலையில் தனியே நடப்பவரிடம் 200 ரூபாய் அபராதம் வாங்கிவிட்டு, மூடிய அலுவலகத்துக்குள் எட்டு மணி நேரம் யாரும் கேட்காமல் விட்டதுதான் முகக்கவசத்தின் மேல் மக்களுக்கு இருந்த மதிப்பைக் குலைத்தது.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு வயிற்றுக்கானது. வீட்டிலேயே இருங்கள் என்பது மாதச் சம்பளக்காரருக்குச் சொல்லக்கூடியது. அன்றாடங்காய்ச்சிக்கு ஊரடங்கே ஒரு நோய். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். காற்றை முன்வைக்கும் கணக்கு அவருக்குத்தான் அதிகம் உதவும். தெருவோரப் பூக்காரி, தள்ளுவண்டிக்காரர், இஸ்திரி போடுபவர், உழவர் சந்தை வியாபாரி எல்லாரும் திறந்த வெளியில் வேலை செய்பவர்கள். வரிசையில் அவர்கள் முதலில் வந்திருக்க வேண்டும். நேரத்தைக் குறுக்கியதும் பாதுகாப்பு என்ற பெயரில் நடந்த தவறு. 2021 மே மாதத்தில் மளிகைக் கடைகளுக்கு நண்பகல் வரை இருந்த நேரம் காலை பத்து மணி வரை என்று குறைக்கப்பட்டது. வாங்க வேண்டிய அரிசியும் பருப்பும் குறையவில்லை, ஆகவே அதே கூட்டம் நான்கு மணி நேரத்துக்குள் அமுங்கியது. மே 24 முதல் தளர்வில்லா ஊரடங்கு என்று அறிவித்து, அதற்கு முந்தின இரண்டு நாளும் இரவு ஒன்பது வரை எல்லாக் கடைகளும் திறக்க விட்டபோது, மாநிலம் தன் தொற்று உச்சமான ஒரே நாளில் 36 ஆயிரத்தைத் தொட்டு ஒருநாள்கூட முழுதாகக் கழியவில்லை. பேருந்து நிலையங்களில் அந்த இரண்டு நாளும் நின்ற கூட்டம் பயந்து ஓடிய கூட்டம். அவர்கள் மேல் குற்றமில்லை.

தடுப்பூசி வந்துவிட்டது, உலகச் சுகாதார நிறுவனமே 2023 மே 5 அன்று அவசரநிலையை முடித்துவிட்டது, இன்னும் எதற்கு இந்தப் பேச்சு என்பது இப்போது எங்கும் கேட்கும் குரல். தடுப்பூசி கோடிக்கணக்கானவர்களைச் சாவிலிருந்து மீட்டது. அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் ஒமைக்ரான் வந்தபின் தொற்றைத் தடுப்பதில் அதன் வலிமை குறைந்தது. உறுப்பு மாற்றம் செய்துகொண்டவர்களுக்கும் புற்றுநோய் மருந்து எடுப்பவர்களுக்கும் அது முழுப் பயன் தருவதில்லை. அவர்களுக்குத் தளர்வு என்பது சுதந்திரமாக வரவில்லை. அதுவரை எல்லாரும் கூடிப் பகிர்ந்த காவல் அவர்கள் தலைமேல் மட்டும் இறங்கிய நாளாக வந்தது. தவிர, காற்றில் பரவுவது கோவிட் மட்டும் இல்லை. உலகக் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியர். காசநோய் காற்றின் வழியே பரவும் என்பதை 1950களின் கடைசியிலேயே பால்டிமோர் மருத்துவமனை ஒன்றில் நோயாளிகளின் அறைக்காற்றைக் கினிப் பன்றிகளின் கூண்டுக்குள் செலுத்தி ரிச்சர்ட் ரைலி நிரூபித்துவிட்டார். கோவிடுக்காகத் திறக்கும் ஜன்னல் காசத்துக்கும் ஃப்ளூவுக்கும் சேர்த்தே திறக்கிறது.

சித்திரை வெயிலில் ஜன்னலைத் திறக்கச் சொல்வது நடக்கிற காரியமா, ஏசியை நிறுத்தினால் வாடிக்கையாளர் வருவாரா? இதைத் தட்டிக்கழிக்க முடியாது. ஜவுளிக்கடைகளும் நகைக்கடைகளும் ஏசி இல்லாமல் இயங்கலாம் என்று தளர்வு ஆணைகள் சொன்னதுண்டு. ஜன்னலே இல்லாத கட்டடத்தில் ஏசியை மட்டும் நிறுத்தினால் புழுக்கம் கூடுமே தவிரப் புதுக்காற்று வராது. குளிரூட்டியை ஓடவிட்டு, ஒரு மூலையில் காற்றை வெளித்தள்ளும் விசிறியும் எதிர்மூலையில் காற்று நுழைய வழியும் வைத்தால் மின்கட்டணம் கொஞ்சம் ஏறும், காற்று மாறும். நம் முன்னோர் கட்டிய வீடுகளில் இந்த ஏற்பாடு சுவரிலேயே இருந்தது. ஜன்னலுக்கு மேல், கூரையை ஒட்டி, சாய்ந்த கண்ணாடிப் பட்டைகளோடு ஒரு சிறு திறப்பு. நம் கொத்தனார்களும் பாட்டிகளும் அதற்குச் சொன்ன பெயர் வென்டிலேட்டர். சூடான காற்று அதன் வழியே மேலேறி வெளியே போகும். ஏசி வந்தபோது பல வீடுகளில் அதைப் பலகை அடித்து மூடினோம். 2021இல் அதே சொல்லை மருத்துவமனை மருத்துவமனையாகக் கேட்டுக்கொண்டு அலைந்தோம். தாம்பரம் அருகே சானடோரியம் என்று ஒரு ரயில் நிலையமே இருக்கிறது. 1928இல் தொடங்கிய காசநோய் மருத்துவமனை அந்தப் பெயரைத் தந்தது. வெளிக்காற்றையே மருந்தாக நம்பிய காலத்தின் சாட்சி அது. அந்த நிலையத்தைத் தினமும் கடந்து போகும் நகரத்துக்குக் காற்றின் அருமை புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இத்தனையும் தனிமனிதர் கையில் மட்டும் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டு ஜன்னலை நான் திறக்கலாம். மண்டபத்தின் ஜன்னலையும் பள்ளி வகுப்பறையின் ஜன்னலையும் மருத்துவரின் காத்திருப்பு அறை ஜன்னலையும் நான் வைக்க முடியாது. உணவகம் நடத்த உரிமம் தருபவர்கள் சமையலறையையும் தண்ணீரையும் சோதிக்கிறார்கள். அங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறவர் எந்தக் காற்றை இழுக்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. தொற்றுப் பரவலைக் கட்டுப்படுத்த ஒரு கூடத்தில் ஆளுக்கு எவ்வளவு சுத்தமான காற்று வேண்டும் என்ற அளவுகோலை அமெரிக்கப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 2023இல் வகுத்துவிட்டது. நம் தட்பவெப்பத்துக்கேற்ப அதைத் திருத்தி எழுத இங்கே பொறியாளர்கள் இருக்கிறார்கள். மண்டபம், திரையரங்கு, பயிற்சி மையம், மருத்துவமனை ஆகியவற்றின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது காற்றோட்டச் சான்று ஒன்றைக் கேட்பது அடுத்த தொற்று வருவதற்கு முன், அமைதியான காலத்தில் செய்ய வேண்டிய வேலை. தொற்று வந்தபின் பட்டியல் போடத்தான் நேரமிருக்கும்.

அதுவரை ஒரு வேண்டுகோள். வீட்டு விசேஷத்துக்கு மண்டபம் பார்க்கப் போகிறவர்கள் சமையல்கூடத்தையும் கார் நிறுத்தும் இடத்தையும் மணமகள் அறையையும் பார்த்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறீர்கள். அதோடு கூடத்தின் ஜன்னல் கதவு ஒன்றைத் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால், வேறு மண்டபம் பாருங்கள்.